ராயல் ஆஸ்காட்டுக்குப் பட்டுப்புடவை, பட்டு வேட்டி: எது செல்லும், எங்கே சறுக்கும்?

அரசலாறு (கும்பகோணம்)

ஜூன் மாசம் இங்கிலாந்துல ராயல் ஆஸ்காட் குதிரைப் பந்தயம். வியாழக்கிழமைக்கு ரெண்டு டிக்கெட், குயின் ஆன் என்க்ளோஷர்ங்கற பார்வையாளர் பகுதியில. போறவங்க அப்பாவும் அம்மாவும், வயசு 64, 58. புடவையும் வேட்டியும்தான், கோட்டும் கவுனும் கிடையாதுன்னு முடிவா இருக்காங்க. வாசல்ல நிறுத்துவாங்களா? தலைக்குத் தொப்பி கட்டாயம்னு போட்டிருக்கு, கொண்டை மேல எதை வைக்கிறது? புல்தரையில பட்டு என்னாகும்? பந்தயப் புத்தகத்தைப் படிக்கத் தெரியாது, அதையும் யாராவது சொல்லுங்க.

எட்டுஃபர்லாங் (தஞ்சாவூர்)

முதலில் வாசல் விஷயம். ஆஸ்காட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் தனி உடை விதி. மிகக் கறாரானது ராயல் என்க்ளோஷர். அங்கே ஆண்களுக்குக் கறுப்பு, சாம்பல், கருநீலத்தில் மார்னிங் கோட்டு (பின்பக்கம் நீண்ட பகல்நேரக் கோட்டு), வெயிஸ்ட்கோட்டு, டை, டாப் ஹேட் என்ற உயரத் தொப்பி. பெண்களுக்கு முழங்காலுக்குச் சற்று மேலே வரைதான் சலுகை, தோள்பட்டி ஒரு அங்குலத்துக்குக் குறையக் கூடாது, தலையில் தொப்பி. அந்த விதியிலேயே வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் தங்கள் நாட்டின் சம்பிரதாய உடையில் வரலாம் என்று இருக்கிறது. அங்கேயே செல்லும் பட்டுப்புடவைக்கு அதற்கு ஒரு படி இளகின குயின் ஆனில் தடை இருக்காது.

குயின் ஆனில் ஆண்களுக்கு சூட், சட்டை, டை. பெண்களுக்குத் தொப்பியோ, ஹெட்பீஸோ (அடித்தளம் வைத்த தலை அலங்காரம்), ஃபேசினேட்டரோ (கிளிப்பில் மாட்டும் சிறிய பூ, இறகு அலங்காரம்) நாள் முழுக்கத் தலையில் இருக்க வேண்டும். தோள் தெரிகிற, உடம்பு தெரிகிற மெல்லிய துணி ஆகாது. இன்னொன்று முக்கியம்: இடுப்பு மூடியிருக்க வேண்டும். புடவைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் அதுதான், தலை இல்லை.

மோர்மிளகாய் (மன்னார்குடி)

எதுக்கு வம்பு? மாமாவுக்கு ஒரு சூட் தைச்சிடுங்க. வேட்டியோட போய் நின்னா கேட்டில இருக்கிறவன் லுங்கின்னு நினைப்பான்.

எட்டுஃபர்லாங்

சம்பிரதாய உடை என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அரைக்கைச் சட்டையும் நாலு முழமும் கட்டிக்கொண்டு போனால் கேட்டில் நிற்பவர் சந்தேகப்படுவது நியாயம். பழைய மிராசுதார் படங்களைப் பாருங்கள்: பஞ்சகச்சம், கழுத்து மூடிய நீளக் கோட்டு, மேலே ஜரிகை அங்கவஸ்திரம். அந்த அமைப்பில் போனால் மார்னிங் கோட்டுக்காரர் பக்கத்தில் நின்றாலும் குறையாகத் தெரியாது. மேலே கோட்டு இல்லாமல் பட்டுச் சட்டை மட்டும் என்றால் கல்யாண வரவேற்பு மாதிரி ஆகிவிடும்.

விசிறிமடிப்பு (திருபுவனம்)

வேட்டி பத்தி நானும் சொல்றேன். அந்த மைதானம் மேட்டுல இருக்கு, காத்து அடிச்சுக்கிட்டே இருக்கும். எட்டு முழத்தைச் சுத்திக் கட்டினா முன்பக்கம் பிரியும், ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டே நிக்கணும். பஞ்சகச்சம்னா காலுக்கு நடுவுல வாங்கிப் பின்னாடி செருகிடறோம், காத்து பிடிக்காது, படியேறவும் சுளுவு. அதுக்கு ஒன்பது அஞ்சு செட்டு வாங்குங்க, ஒன்பது முழம் வேட்டி, அஞ்சு முழம் அங்கவஸ்திரம். பட்டு வழுக்கும், அதனால இடுப்புல ஒரு பருத்தி நாடாவைக் கட்டி அதுக்கு மேல கொசுவத்தைச் செருகணும். பெல்ட் போட்டா கோட்டு மேல துருத்திக்கிட்டுத் தெரியும். காலுக்கு சாக்ஸ் போட்ட லேஸ் ஷூ பஞ்சகச்சத்தோட பொருந்தாது. கறுப்பு கட் ஷூ, அடியில ரப்பர் இருக்கறதா பாத்து வாங்குங்க. ஈரப்புல்லுல வெறும் தோல் அடி வழுக்கிடும்.

இப்பப் புடவை. திருபுவனம் பட்டு கனம். பகல் பூரா உடம்புல இருக்கும், கால்ல நிக்கணும். கனம் தோள்ல மட்டும் விழாம இருக்கணும்னா பின் குத்தற இடம் சரியா இருக்கணும்:

தோள்ல ஒரு பின், முந்திக்கும் ரவிக்கைக்கும் சேத்து, உள்பக்கமா. முன்கொசுவத்துக்கு ஒண்ணு, செருகறதுக்கு ரெண்டு விரக்கடை கீழே, குறுக்கால. வலது இடுப்புல, முந்தி முன்னால திரும்பற இடத்துல ஒண்ணு, இதுதான் இடுப்பை மூடறது. பின்னால உள்பாவாடையோட ஒண்ணு. நாலே போதும். ஒவ்வொரு பின்னிலயும் முதல்ல ஒரு சின்ன மணியைக் கோத்துட்டு அப்புறம் குத்துங்க. பின்னோட சுருள்ல பட்டு நூல் மாட்டிக் கிழியறது அதுல நின்னுடும்.

உள்பாவாடை சாட்டின் வேண்டாம், பட்டு மேல பட்டு வழுக்கிக் கொசுவம் இறங்கிடும். பாப்ளின் பருத்தி. ரவிக்கை நீளத்தை வழக்கத்தை விட ரெண்டு அங்குலம் கூட்டித் தைக்கச் சொல்லுங்க, கையைத் தூக்கினாலும் இடுப்பு தெரியாது. முழங்கை வரைக்கும் கை வெச்சா காத்துக்கும் ஆச்சு.

அரசலாறு

அக்கா, ஃபால்ஸ் ஏற்கெனவே தச்சாச்சு. புல்லுல ஈரம் ஏறினா?

விசிறிமடிப்பு

ஃபால்ஸ் துணியை நனைச்சுக் காய வெச்சுத் தச்சாங்களான்னு கேளுங்க. நனைக்காம தச்ச ஃபால்ஸ் ஈரம் பட்டதும் சுருங்கும், பட்டு சுருங்காது. கரை பூரா கொசுகொசுன்னு இழுத்துக்கும், ஜரிகை மடங்கி உடையும். சந்தேகமா இருந்தா பிரிச்சு, துணியை நனைச்சு, இஸ்திரி போட்டுத் திருப்பித் தைக்கிறதுதான் வழி.

கட்டும்போது அன்னைக்குப் போடப் போற செருப்பைப் போட்டுக்கிட்டே கட்டணும். நம்ம ஊர்ல தரையைத் தொடக் கட்டுவோம், அங்க ஒரு அங்குலம் மேலயே நிக்கட்டும். குதிகால் ஒன்றரை அங்குலத்துக்குள்ள, கட்டையா. ஊசிக் குதிகால் புல்லுல புதைஞ்சு, எடுக்கும்போது கொசுவத்தை மிதிச்சுடுவாங்க. மண்ணு புதுசா நட்ட வயல் வரப்பு மாதிரிதான்னு நினைச்சுக்கங்க.

மழைத்துளி பட்டா தேய்க்காதீங்க. காஞ்ச மல் துணியால ஒத்தி எடுக்கணும். தேச்சா பட்டுல வெள்ளையா வட்டம் விழும், அது போகாது.

பெட்டியில வைக்கறதுக்கு நம்ம ஊர் விசிறி மடிப்பே நல்லது. அங்கவஸ்திரம் மாதிரி கொசுவி மடிக்கிறது. சதுரமா மடிச்சா ஒரே கோட்டுல ஜரிகை உடையும். மேல பழைய வேட்டித் துணி சுத்துங்க, பிளாஸ்டிக் உறை வேண்டாம், அந்துருண்டை ஜரிகையைத் தொடவே கூடாது, கறுத்துடும்.

மோர்மிளகாய்

கனம்னா கூறைநாட்டுப் புடவை கட்டலாமே? மாயவரத்துச் சரக்கு, பட்டும் பருத்தியும் கலந்து கட்டம் போட்டது. லேசா இருக்கும்.

விசிறிமடிப்பு

நல்ல யோசனைதான் தம்பி. பின்னும் வழுக்காம நிக்கும். ஆனா அது கூட்டத்துல அடங்கிப் போயிடும். அன்னைக்கு அங்க சுத்தி எல்லாம் வெளிர் ரோஸ், வெளிர் நீலம், தந்த நிறம். நடுவுல அரக்குக் கரை போட்ட மாம்பழ மஞ்சள் நின்னா அதுக்குப் பக்கத்துல எந்தத் தொப்பியும் எடுபடாது. வெளிநாடுன்னு வெளிறின கலர் தேடறது எனக்குப் பிடிக்காது.

நெட்டிக்கிளி (தஞ்சாவூர்)

தலைக்கு ஒரு வழி சொல்றேன். மல்லிகைச் சரம் வெச்சுக்கிட்டுப் போய் அதுதான் ஹெட்பீஸ்னு வாசல்ல வாதாடாதீங்க. அடித்தளம் உள்ள ஒண்ணு தலையில இருந்துட்டா பேச்சே எழாது. ராயல் என்க்ளோஷர்ல 2012 முதல் ஃபேசினேட்டர் கிடையாது, 4 அங்குலம், அதாவது 10 செ.மீ. அகலத்துக்குக் கெட்டியான அடி இருக்கணும். உங்க டிக்கெட்டுக்கு அந்த அளவு தேவையில்லை, ஆனாலும் அந்த அளவுலயே செஞ்சுடுங்க.

எதால செய்யறது? நெட்டி. நம்ம குளம் குட்டையில விளையறது, கனமே தெரியாது, தந்தம் மாதிரி வெளுப்பு. வெள்ளைக்காரன் காலத்து சோலாத் தொப்பியே இந்த ஜாதி நெட்டியில செஞ்சதுதான்.

மோர்மிளகாய்

மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக் கழுத்துல போடற நெட்டிமாலை சமாச்சாரத்தை மாமி தலையில வைக்கறதா?

நெட்டிக்கிளி

நரசிங்கம்பேட்டையில மாலை கட்டறதும் அதே நெட்டிதான், பெரிய கோயில் மாடல் செதுக்கறதும் அதே நெட்டிதான். தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கு தம்பி. செய்முறையைக் கேளுங்க.

சட்டைக் காலருக்குப் போடற கெட்டி கேன்வாஸ் ரெண்டு அடுக்கு ஒட்டி 11 செ.மீ. வட்டமா வெட்டுங்க. ஓரத்துல இருந்து நடு வரைக்கும் ஒரு வெட்டு. அந்த வெட்டோட ரெண்டு விளிம்பையும் ஒரு செ.மீ. ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தித் தையுங்க. தட்டையா இருந்தது லேசா கவிழ்த்த தட்டு மாதிரி குழிஞ்சுக்கும், தலையில உக்காரும். குழிஞ்ச பிறகும் குறுக்களவு பத்தரைக்கு மேல நிக்கும், அதனாலதான் 11ல ஆரம்பிக்கிறது. ஓரம் சுத்தி மெல்லிய கம்பி ஒண்ணு வெச்சு ஊசித் தையல். மேல ரவிக்கைத் துணி 14 செ.மீ. வட்டம், ஓரத்தைச் சுருக்கி உள்பக்கம் மடிச்சுத் தையல்.

நெட்டியைத் தோல் சீவிட்டு, கூர்க்கத்தியால தண்டைச் சுத்திச் சுத்திச் சீவணும், காகிதம் மாதிரி சுருள் வரும். கத்தி மழுங்கினா பிசிறு தட்டும், அதுக்கப்புறம் எந்த இதழும் அழகா வராது. சீவின ஏட்டை ஈரத்துணிக்குள்ள பத்து நிமிஷம் வையுங்க, காஞ்சதை வளைச்சா முறியும். 3 செ.மீ. இதழா வெட்டி, பென்சில்ல சுத்தி நுனியைச் சுருட்டி, அஞ்சஞ்சு இதழா ஒட்டினா ஒரு பூ. அஞ்சு பூ, ரெண்டு மொட்டு போதும். வெள்ளைப் பசை குறைச்சுத் தடவுங்க, ஜாஸ்தியானா நெட்டி உறிஞ்சி நெளியும். நிழல்ல ஒரு நாள் காயணும். வெயில்ல வெச்சா மஞ்சளிக்கும்.

தலையில மாட்ட உள்பக்கம் ஒரு சின்னச் சீப்பு, கூடவே தலைமுடி நிறத்துல மெல்லிய எலாஸ்டிக். எலாஸ்டிக் காதுக்குப் பின்னால போய்க் கொண்டைக்குக் கீழே நிக்கணும். தாடைக்குக் கீழே மாட்டினா பள்ளிக்கூட நாடகம் மாதிரி இருக்கும். முந்தி இடது தோள்ல போறதால பூ வலது புருவத்துக்கு மேல சாஞ்சிருக்கட்டும்.

ஒரே குறை மழை. நெட்டி தண்ணியைப் பஞ்சு மாதிரி குடிக்கும், பூ தொங்கிடும். கைப்பையில ஒரு மடக்குக் குடையும், பிளாஸ்டிக் குளியல் தொப்பி ஒண்ணும் வெச்சுக்கங்க.

எல்கைக்கல் (திருக்கடையூர்)

இவ்வளவு செலவு எதுக்குங்க, காணும் பொங்கலுக்கு இங்க வந்தா கரிச்சான் குதிரை, நடுக்குதிரை, பெரிய குதிரைன்னு வண்டி கட்டித் தரங்கம்பாடி ரோட்டுல ஓடறதைப் பக்கத்துல நின்னே பாக்கலாம். டிக்கெட்டும் இல்ல, தொப்பியும் இல்ல. சரி, போறதுன்னு ஆயிட்டதால ஒண்ணு சொல்றேன். குதிரையைப் பாக்கற கண்ணு எல்லா ஊருக்கும் ஒண்ணுதான். ஓட்டத்துக்கு முன்னால நடத்திக் காட்டற இடம் இருக்கும், அங்க போயிடுங்க. பின்னங்கால் முன்னங்கால் வெச்ச தடத்தைத் தாண்டி விழுதான்னு பாருங்க, தாண்டினா நல்ல வீச்சு. பின்தொடைக்கு நடுவுல சோப்பு நுரை மாதிரி வேர்வை வெள்ளையா இருந்தா, வாலை அடிச்சுக்கிட்டே இருந்தா, பதட்டத்துல பலத்தைச் செலவழிக்குதுன்னு அர்த்தம். தோல் பளபளப்பு இருக்கணும், விலா லேசா தெரியணும். எங்க பந்தயத்துல சாரதி கெட்டிக்காரனா இருந்தா பாதி ஜெயிச்ச மாதிரி. அங்க எப்படின்னு எட்டு ஃபர்லாங் அண்ணன்தான் சொல்லணும்.

எட்டுஃபர்லாங்

அங்கேயும் குதிரை மேல் ஏறி ஓட்டும் ஜாக்கிக்கு அதே மதிப்புதான். எல்கைக்கல் சொன்ன நடத்தும் இடம் பரேட் ரிங். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்பு அங்கே பார்த்துவிட்டு, ஜாக்கி ஏறியவுடன் கிளம்பினால்தான் ஓடுதளத்துக் கம்பியருகே இடம் கிடைக்கும்.

புத்தகத்தைப் படிக்கும் விதம். குதிரை பெயருக்குப் பக்கத்தில் இப்படி இருக்கும்: 21/30-142. முந்தைய ஓட்டங்களில் வந்த இடங்கள் இவை. வலது ஓரத்தில் இருப்பதுதான் கடைசி ஓட்டம். கோடு போட்டிருந்தால் அங்கே பருவம் மாறியிருக்கிறது, சாய்கோடு என்றால் அதைவிட நீண்ட இடைவெளி. 0 என்றால் ஒன்பதாம் இடத்துக்கும் பின்னால். நம்மவர்கள் இடமிருந்து படித்து, முதலில் 2, 1 என்று பார்த்துவிட்டுப் பிரமாதமான குதிரை என்று நினைத்துவிடுவார்கள். அது பழங்கதை.

எடை 9-2 என்றிருந்தால் 9 ஸ்டோன் 2 பவுண்டு. ஒரு ஸ்டோன் 14 பவுண்டு, ஆக 128 பவுண்டு, சுமார் 58 கிலோ. ஜாக்கியும் சேணமும் சேர்ந்த கணக்கு இது. ஹேண்டிகேப் ஓட்டத்தில் நல்ல குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றி எல்லோரையும் சமமாக்கப் பார்ப்பார்கள். அதனால்தான் அந்த ஓட்டங்களில் கணிப்பு அடிக்கடி தவறும்.

தரையின் நிலை கோயிங் என்று போட்டிருக்கும்: ஃபர்ம், குட், சாஃப்ட், ஹெவி. காய்ந்த தரையில் பறக்கும் குதிரை சேற்றில் நின்றுவிடும். இதை நடவு வயலில் கால் வைத்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஃபர்லாங் என்பது 201 மீட்டர், எட்டு சேர்ந்தால் ஒரு மைல். வியாழனின் பெரிய ஓட்டம் கோல்டு கப், 1807 முதல் நடப்பது, நான்கு வயதும் அதற்கு மேலும் ஆன குதிரைகளுக்கு. தூரம் ஏறக்குறைய 4 கி.மீ. முதல் முறை கூட்டத்தைக் கடந்து போய், முழுச் சுற்று ஓடித் திரும்பி வரும், எனவே இரண்டு தடவை பார்க்கலாம். முதல் தடவை முன்னால் போகிறதே என்று குதிக்காதீர்கள். சுற்றின் அடியில் ஸ்வின்லி பாட்டம் என்ற பள்ளம் இருக்கிறது. அங்கிருந்து முடிவுக்கோடு வரை பெரும்பாலும் ஏற்றம். ஆற்றங்கரையைத் தவிர மேடு பார்க்காத டெல்டாக்காரர்களுக்கு அது தூரத்திலிருந்து சமதரை மாதிரிதான் தெரியும். மூச்சு தீர்ந்த குதிரை அந்த ஏற்றத்தில்தான் பின்தங்கும். யேட்ஸ் என்ற குதிரை 2006 முதல் 2009 வரை நான்கு வருஷமும் இந்தக் கோப்பையை வென்றது.

அரசலாறு

ஜாக்கி சட்டைக் கலர் குதிரைக்குக் குதிரை மாறுமா? அம்மா கலரை வெச்சுத்தான் அடையாளம் பிடிப்பாங்க.

எட்டுஃபர்லாங்

கலர் குதிரையின் உரிமையாளருக்குச் சொந்தம். ஒருவருக்கே இரண்டு குதிரை ஓடினால் சட்டை ஒன்றாக இருக்கும், தலைக்குல்லா மாறும். குல்லாயைப் பார்க்கச் சொல்லுங்கள். அரசரின் கலர் எளிது: ஊதா உடல், சிவப்புக் கை, கறுப்பு வெல்வெட் குல்லா. மார்பில் தங்கப் பின்னல் ஓடும், தூரத்திலிருந்து பார்த்தால் நம் ஜரிகைதான். 2013இல் எலிசபெத் ராணியின் எஸ்டிமேட் கோல்டு கப்பை வென்றபோது ஓடியதும் இந்தக் கலரில்தான்.

பணம் வைப்பதாக இருந்தால் ஈச் வே என்பதைப் புரிந்துகொண்டு வையுங்கள். 5 பவுண்டு ஈச் வே என்றால் கையிலிருந்து போவது 10 பவுண்டு: முதலிடத்துக்கு 5, இடம் பிடிப்பதற்கு 5. வழக்கமான விதியில், ஹேண்டிகேப் அல்லாத ஓட்டத்தில் 8 குதிரையோ அதற்கு மேலோ ஓடினால் முதல் மூன்று இடத்துக்கு விலையில் ஐந்தில் ஒரு பங்கு. விலை 10/1 என்றால் 1 வைத்தால் 10 லாபம் என்று பொருள். 10/1 குதிரை மூன்றாவது வந்தால் முதலிடப் பணம் 5 போச்சு. இடப் பணத்துக்கு 2/1 கணக்கில் 10 லாபம், வைத்த 5 திரும்பும். கைக்கு 15, நிகர லாபம் 5. கவுண்டரில் 5 ஈச் வே என்று சொல்லிவிட்டு 10 கேட்கிறார்களே என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

அதே நாளில் பிரிட்டானியா ஸ்டேக்ஸ் நேர்பாதையில் ஒரு மைல் ஓட்டம். இருபத்தைந்துக்கும் மேல் குதிரைகள் ஓடும், கூட்டம் இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு ஓரமாக வரும். பக்கத்து ஓரத்தில் முன்னால் வருவது ஜெயிப்பதாகத் தோன்றும், எதிர் ஓரத்தில் வேறொன்று தாண்டியிருக்கும். அதற்குப் பெரிய திரையைப் பார்ப்பதே மேல்.

எல்கைக்கல்

ரெண்டு ஓரமாப் பிரிஞ்சு ஓடறதா? எங்க ரோட்டுல அதுக்கு அகலம் ஏது.

அரசலாறு

எல்லாருக்கும் நன்றி. ஃபால்ஸைப் பிரிக்கக் கொடுத்தாச்சு. அன்னைக்கு நேரம் எப்படி வெச்சுக்கறது?

எட்டுஃபர்லாங்

லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷனில் ஆஸ்காட்டுக்கு நேரடி ரயில், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். இறங்கி ஏற்றமாகப் பத்து நிமிஷ நடை, புடவையில் கால் மணி. மதியம் 2 மணிக்கு அரச குடும்பம் திறந்த குதிரை வண்டிகளில் ஓடுதளம் வழியாக வரும், 2.30க்கு முதல் ஓட்டம். 12 மணிக்குள் உள்ளே இருந்தால் உட்கார ஓர் இடம் பிடிக்கலாம். 64 வயதுக்கு அதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

அரசலாறு

கடைசியா ஒண்ணு நெட்டி அண்ணே, பூ விமானத்துல நசுங்காம எப்படிப் போகும்?

நெட்டிக்கிளி

ஷூ அட்டைப்பெட்டி. அடியில ஒரு தெர்மோகோல் துண்டை ஒட்டி, ஹெட்பீஸோட சீப்பை அதுல குத்தி நிறுத்துங்க. பூ எந்தப் பக்கமும் அட்டையைத் தொடக் கூடாது, மேல ரெண்டு விரல் இடம். பஞ்சு, காகிதம் எதையும் திணிக்காதீங்க, இதழோட நுனி அதுலதான் மாட்டி ஒடியும். கைப்பெட்டியில வெச்சு எடுத்துட்டுப் போங்க. பெரிய பெட்டியில போட்டா பின்னுங்க போகலாம், நெட்டி போகாது. உதிரியா நாலு இதழும் சின்னப் பசை டியூபும் கூட வையுங்க.